குங்குமப் பொட்டின் கருமை

1948ஆம் ஆண்டு சூன் திங்களில் மலாயாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே, பன்னிரண்டு வயது நிறைந்தோர் அனைவரும் முகப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை பெறுதல் வேண்டும் என ஆணை பிறந்தது. சிரம்பானை அடுத்த சுங்கை காடுட் வட்டாரத்து ரப்பர்த் தோட்ட மக்களும் அதற்கு உட்பட்டோரே. நிழற்படக் கடையைக் கண்டறியாத பாட்டாளிக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அன்று வாய்த்தது. அக்காலப் படங்களைப் பேரப்பிள்ளைகள் இன்று டிஜிட்டல் எனப்படும் எண்முறையில் படியெடுத்து வைக்கின்றனர். சுருட்படமும் எண்முறைப் படமும் வரலாற்றுச் சான்றாகும் தகுதியில் ஒன்றா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

படச்சுருளில் ஒளியை ஏற்பது வெள்ளி உப்பு. எந்நிறம் எவ்வளவு கறுக்கும் என்பதைச் சுருளின் வகையே பெரிதும் முடிவு செய்துவிடும். செந்நிறத்தை உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் சுருளில் குங்குமப் பொட்டு கரும்புள்ளியாக விழும். எல்லா நிறமும் உணரும் பான்குரோமாட்டிக் சுருளில் அதுவே சற்று வெளிறித் தோன்றும். ஆதலின் பொட்டின் கருமையும் ஆராய்வோர்க்கு ஒரு குறிப்பாகும்.

எண்முறையின் நிலை வேறு. கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் 1975இல் அமைத்த கருவி கறுப்பு வெள்ளைப் படமே எடுத்தது. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 நொடி வேண்டியிருந்தது. இன்றைய கருவிகளிற் பெரும்பாலானவையோ நிறத்தோடு பதிந்து, பின்னரே நிறத்தை நீக்குகின்றன. நீக்குவோர் விரும்பின் அதே பொட்டைக் கறுப்பாகவும் வெளுப்பாகவும் காட்டலாம். பழம்படத்தைப் படியெடுப்போரும் கருமையை ஏற்றவும் இறக்கவும் வல்லர்.

காப்பிலும் வேற்றுமை உண்டு. சுருளின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரம் மிக்க மலைநாட்டில் அதனைப் பூசணம் எளிதிற் பற்றும். எண்முறைப் படத்திற்குப் பூசணம் இல்லை. ஆயின் அதனைத் தாங்கும் வட்டு பழுதுற்றால் அனைத்தும் ஒருங்கே அழியக்கூடும். ஏட்டுச்சுவடி போல மீண்டும் மீண்டும் படியெடுத்தாலன்றி அது நிலைக்காது.

ஏடுகள் அச்சேறிய பின்னும் மூலம் வீசப்படவில்லை. உ. வே. சாமிநாதையர் திரட்டிய சுவடிகள், 1943இல் அவர் பெயரால் சென்னையில் அமைந்த நூல்நிலையத்தில் காக்கப்பெறுகின்றன. பாடவேறுபாடு ஐயுறுங்கால் மூலமே துணை. தோட்டத்துப் படங்களுக்கும் அம்முறையே பொருந்தும். மூலப்படத்தைப் பேணுக; மெருகூட்டாத படியொன்றை எடுத்து, திருத்திய படியைத் தனியே வைக்க; பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைப் படத்தின் புறத்தே பென்சிலால் மெல்ல எழுதுக. ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் வீடுகள் எழுந்தபின், இன்னார் இங்கு வாழ்ந்தார் எனக் கூற அம்முகங்களே எஞ்சும்.