சமையலறையில் பிறந்த செவிக்கருவி

சென்ற மாதம் ஒரு நாள் மாலை என் தங்கை மகன் வந்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த 15,000 ரூபாய் அவன் பையில் இருந்தது.

"மாமா, நல்ல ஹெட்போன் வாங்க வேண்டும். கடைக்காரர், பாதிப் பணத்துக்கு ஹெட்போனும் பாதிப் பணத்துக்கு ஆம்ப்ளிஃபயரும் வாங்கு என்கிறார். என்ன செய்யட்டும்?" என்று கேட்டான்.

அவர்கள் இருப்பது இரண்டே அறை உள்ள வீடு. என் மைத்துனர் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் உறங்குகிறவர். விடுமுறை நாளில் பையன் பாட்டுக் கேட்க வேண்டுமானால், காதோடு காதாகத்தான் கேட்க வேண்டும். ஆகவே கேள்வி சின்னதல்ல. கதை எழுதுகிறவனிடம் யோசனை கேட்டால் அவன் பழங்கதைக்குத்தானே போவான்? எனக்கு அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் வாழ்ந்த ஒரு மனிதரின் ஞாபகம் வந்தது.

1910-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு கடிதம் வந்தது. நீலமும் இளஞ்சிவப்புமான காகிதத்தில் ஊதா மையினால் எழுதிய கடிதம்! எழுதியவர் நத்தானியேல் பால்ட்வின். தாம் செய்த செவிக்கருவியைச் சோதித்துப் பார்க்கும்படி அதில் கேட்டிருந்தார். அப்படியொரு கடிதத்தைக் கண்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் கருவியைச் சோதித்தவர்கள் வியந்து போனார்கள். அதுவரை கையிலிருந்த கருவிகளைவிட அது வெகு நுட்பமாகக் கேட்டது. கடற்படை மேலும் மேலும் வேண்டுமென்றது. பால்ட்வினோ, ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் முடியாது என்றார். காரணம், அவருடைய தொழிற்சாலை வீட்டுச் சமையலறைதான்!

அந்தக் கருவிக்கு ஏன் அத்தனை மதிப்பு? கம்பியில்லாத் தந்தியில் வந்து சேரும் மின்சாரம் மிகச் சொற்பம். லீ டி ஃபாரஸ்ட் 1906-ல் கண்ட வால்வு இருந்ததென்றாலும், அதை ஆம்ப்ளிஃபயராக வேலை வாங்கும் வித்தை 1912 வாக்கில்தான் கைவந்தது. அதுவரை, வந்த துளி மின்சாரத்தை வீணாக்காமல் ஓசையாக்குவது ஒன்றே வழி. பால்ட்வின் சிறு இரும்பு நாக்கு ஒன்றைக் காந்தத்தின் நடுவே சமநிலையில் நிறுத்தி, அதன் அசைவை மைக்காத் தகட்டுக்குக் கடத்தினார். செவிக்கருவி தேர்ந்ததாக இருந்ததால், ஆம்ப்ளிஃபயர் இல்லாத குறை பாதி தீர்ந்தது.

அப்புறம் காலம் மாறியது. 1958-ல் மில்வாக்கி நகரில் ஜான் காஸ், தாம் செய்த இசைத்தட்டுப் பெட்டியோடு ஸ்டீரியோ ஹெட்போன் ஒன்றையும் காட்டினார். ஜனங்கள் பெட்டியை விட்டுவிட்டு ஹெட்போனைப் பிடித்துக் கொண்டார்கள்! 1968-ல் ஜெர்மனியில் ஸென்ஹைஸர் கம்பெனி 'எச்.டி. 414' என்பதை வெளியிட்டது. காதை இறுக்கி மூடாமல், மெத்தென்ற நுரைப்பஞ்சோடு திறந்திருக்கும் கருவி. ஒரு கோடிக்கு மேல் விற்றது.

இந்தச் சரித்திரத்திலேயே பையனுக்கு வேண்டிய பதில் இருந்தது.

"திறந்த ஹெட்போனில் ஓசை விசாலமாக, இயல்பாகக் கேட்கும், ஆனால் வெளியிலும் கசியும். உன் அப்பா தூங்கும் வீட்டுக்கு அது ஆகாது. காதை மூடுவதையே வாங்கு. அடுத்தபடி, ஒரு மில்லிவாட் மின்சக்திக்கு எத்தனை டெசிபல் ஓசை என்று அட்டையில் பார். அது 10 டெசிபல் குறைந்தால், அதே உரப்புக்கு 10 மடங்கு சக்தி வேண்டும். நல்ல எண்ணிக்கையும் 32 ஓம் போன்ற குறைந்த மின்தடையும் இருந்தால் உன் கைபேசியே போதும். கைபேசியில் ஹெட்போன் துளை இல்லையென்றால், விரல் நீள இணைப்பு ஒன்று விற்கிறதே, அதற்குள்ளேயே குட்டி ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. 300 ஓம் கருவியானால் பெரும்பாலும் தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும்."

"அப்படியானால் பாதிப் பாதி என்ற கணக்கு?"

"அது கடைக்காரர் கணக்கு. முதலில் காதுக்குச் செலவழி. உரப்பு போதவில்லை என்று உன் காதே சொன்னால், அப்போது ஆம்ப்ளிஃபயர் வாங்கிக் கொள்ளலாம்."

பால்ட்வினுக்குச் செல்வம் வந்தது, தங்கவில்லை. கம்பெனி 1924-ல் நொடித்தது. அவர் 1961-ல் ஏழையாகவே காலமானார். ஆனால் முதலில் செவிக்கருவி என்ற அவர் வழி நொடிக்கவில்லை.

பையன் 11,000 ரூபாய்க்கு மூடிய ஹெட்போன் ஒன்று வாங்கினான். மீதியை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டானாம். நேற்றுத் தங்கை வந்திருந்தாள். "ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பாட்டுக் கேட்டான், அண்ணா. அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை" என்றாள்.