விழவும் இழவும்: குமாரபாளையத்து நெசவுக் குடிகளின் காலக் கணக்கு

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவார் கோயிற் கல்வெட்டுகளையும் அரசினர் ஆவணங்களையுமே பெரும்பாலும் முதற்சான்றாகக் கொள்வர். அவை நிலத்தையும் வரியையும் கொடையையும் கூறும். ஆயின், அவ்வூர்க் குடும்பம் ஒன்று எந்நாளில் உழைத்தது, எந்நாளில் இளைப்பாறியது, தன்னுள் ஒருவர் மறைந்தபோது எத்தனை நாள் தொழிலை நிறுத்தியது என்பனவற்றைக் கூறா. தொழிலால் வளர்ந்த ஊர்களின் வரலாற்றுக்கு இவ்வினாக்கள் இன்றியமையாதன. காலம் யாருடைய ஆட்சியில் இருந்தது என்பதை அறியாமல் உழைப்பின் வரலாற்றை அறிதல் இயலாது. இக்கருத்தைக் காவிரிக்கரை நெசவூராகிய குமாரபாளையத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம். கொண்டாடும் நாளாகிய விழவும், துயருறும் நாளாகிய இழவும் ஒரு நெசவுக் குடும்பத்தில் தறியை நிறுத்தும் இரு பெருங் காரணங்கள். அவை எவ்வாறு நிகழ்ந்தன, எவ்வாறு மாறின என்பதே நம் பொருள்.

1. ஊரும் ஆறும்

குமாரபாளையம் காவிரியின் கீழ்க்கரையில் உள்ளது. எதிரே மேல்கரையில் பவானி உள்ளது. இரண்டும் இன்று வெவ்வேறு மாவட்டங்களில் அடங்கும். பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1997 சனவரி 1 முதல் பிரிந்து இயங்கிய நாமக்கல் மாவட்டத்தில் குமாரபாளையமும், 1979இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்த ஈரோடு மாவட்டத்தில் பவானியும் உள. ஆட்சி எல்லை பிரித்தபோதிலும் வாழ்க்கையால் இவை இரட்டை ஊர்கள் எனத் தகும். பவானி சமுக்காளத்துக்குப் பெயர்பெற்றது. குமாரபாளையம் கைலி, துண்டு முதலிய பருத்தித் துணிகளுக்குப் பெயர்பெற்றது.

பவானியாறு காவிரியொடு கூடுமிடம் கூடுதுறை எனப்படும். கண்ணுக்குப் புலனாகாத அமுத நதியும் ஆங்குக் கலப்பதாக மக்கள் நம்புவர். அங்குள்ள சங்கமேசுவரர் கோயிலே ஞானசம்பந்தர் பாடிய திருநணா. இத்துறைக்கு இரு முகங்கள் உண்டு. புதுப்புனல் வரவை மகளிர் வழிபட்டு மகிழும் துறையும் இதுவே. மறைந்தார்க்கு நீர்க்கடன் ஆற்றும் துறையும் இதுவே. தறியொலி எட்டாத ஆற்றங்கரை, இவ்விரட்டை ஊரார்க்கு மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் பொதுவிடமாய் நின்றது.

2. தறியும் வீடும்

கைத்தறிக் காலத்தில் தறி வீட்டின் ஓர் உறுப்பு. வீட்டுத் தரையில் குழி அகழ்ந்து, அதனுள் காலை இறக்கி மிதியை இயக்கி நெய்வது குழித்தறி. தறி ஒன்று, அதற்கு வேண்டும் கைகளோ பல. ஒருவர் நாடாவை ஓட்டி நெய்வார். மற்றொருவர் இராட்டையில் தார் சுற்றுவார். அறுந்த இழையைப் பிணைக்கவும் கஞ்சி காய்ச்சவும் வேறு கைகள் வேண்டும். முதியோரும் மகளிரும் சிறுவரும் இவ்வேலைகளில் ஈடுபட்டனர். ஆதலின் ஒருவர் இறப்பு உறவின் இழப்பாக மட்டும் நில்லாது தறியின் இழப்புமாயிற்று. தார் சுற்றிவந்த மூதாட்டி மறைந்தால் நெய்பவன் கை தாமதிக்கும். நெய்பவன் மறைந்தால் தறியே நின்றுவிடும்.

துணையிழப்புக்கும் நூலுக்கும் உள்ள தொடர்பு தமிழகத்தில் மிகப் பழையது. ஆடவர் துணையற்ற மகளிர் நுண்ணிய நூல் நூற்றமையை நற்றிணையின் 353ஆம் பாட்டு உவமையாகக் காட்டுகிறது. இரவில் சிறு விளக்கொளியில் பருத்தியொடு உழைக்கும் பெண்ணைப் புறநானூற்றின் 326ஆம் பாட்டிற் காண்கிறோம். கணவனை இழந்தாளுக்கு உழவு வழங்காத பிழைப்பை நூல் வழங்கியது என்பது இவற்றால் உய்த்துணரத்தக்கது. நெசவூர்களிலும் தார் இராட்டை அத்தகைய கடைசித் துணையாய் இருந்தது. ஆயின் அது துயரை ஆற்றிக்கொள்ளும் பொழுதைத் தரவில்லை. உண்ணும் வழியை மட்டுமே தந்தது.

தறி வீட்டினுள் இருப்பினும் நெசவு வீட்டளவில் முடிவதன்று. பாவை நீள விரித்துக் கஞ்சியிட்டு, பாவாற்றி எனப்படும் குச்சால் நீவி உலர்த்தும் வேலை தெருவில் அல்லது பொதுவெளியில் வைகறையில் நிகழும். அவ்வெளி பாவடி எனப் பெயர் பெற்றது. இப்பெயர் தாங்கிய இடங்கள் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இன்றும் உள. கஞ்சியிட்ட பாவு காத்திராது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டுமுன் பலர் கூடி நீவுதல் வேண்டும். இன்று ஒரு வீட்டுப் பாவுக்கு வந்த கைகளுக்கு நாளை அவ்வீட்டார் கைம்மாறு செய்வர். ஆகவே ஒரு வீட்டில் இழவு நேர்ந்தால் அண்டை வீடுகளின் பாவும் தடைப்படும் என்பது பெறப்படும். கேதம் விசாரிக்க வந்தவரே பாவுக்குக் கைகொடுக்க வேண்டியவராகவும் இருந்தனர். தீட்டு நாள்களின் எண்ணிக்கை குலந்தோறும் வேறுபடும். எனினும் தறி நிற்க வேண்டும் என்பதை அயலாரும் ஏற்றிருந்தனர். துயரத்துக்கு ஊர் அளித்த விடுப்பு என அதனைக் கூறலாம்.

3. ஆடியின் இடைவெளி

உழவர்க்கு மழை பருவத்தை வகுக்கும். நெசவர்க்கு வகுப்பது பிறர் கொண்டாட்டம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊரார் புத்தாடை உடுப்பதற்கு முன்பே, அவ்வாடை தறியிலிருந்து இறங்கி வணிகரை அடைந்திருத்தல் வேண்டும். ஆவணி தொடங்கி ஐப்பசி வரை வேலை மிகும். அப்பருவத்தின் பிற்பகுதியிலேயே வடகிழக்கு மழை வந்து பாவடியை நனைத்துப் பாவு உலராமற் செய்யும். தறிக்குழியிலும் ஈரம் ஊறும். வேண்டுவோர் மிக்க பொழுதே வேலைக்கு இடையூறு மிக்க பொழுதாகவும் அமைந்தது நெசவர் வாழ்வின் முரண்.

இந்நெருக்கடிக்கு முன் நிற்பது ஆடி மாதம். ஆடியில் திருமணம் செய்யும் வழக்கம் இன்மையின் மணத்துணி வேண்டுவார் குறைவர். துணிக்கடைகள் ஆடித் தள்ளுபடி அறிவிப்பதும் இம்மந்தத்தின் அறிகுறியே. இவ்விடைவெளியில்தான் காவிரிக்கரை மக்களின் ஓய்வு நாள்கள் செறிந்துள்ளன. ஆடி முதல் நாளில் சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரங்களில் தேங்காய் சுடும் வழக்கம் உண்டு. தேங்காயின் கண்ணைத் துளைத்துப் பாசிப்பருப்பு, வெல்லம், எள், அவல் முதலியவற்றை உள்ளிட்டு, குச்சியால் அடைத்துத் தீயில் வாட்டிப் படைத்து உண்பர். பதினெட்டாம் நாள் கொங்கு வழக்கில் ஆடி நோம்பி. மகளிர் காதோலையும் கருகமணியும் கொண்டு ஆற்றை வழிபடுவர். மணமாகிய பெண்டிர் தாலிக்கயிறு மாற்றுவர். மரக்கிளைகளில் தூரி கட்டி இளையோர் ஆடுவர்.

அதே மாதத்தில் ஆடி அமாவாசையும் வருகிறது. அன்று கூடுதுறையில் மறைந்த முன்னோரை நினைந்து நீர்க்கடன் ஆற்றுவோர் திரள்வர். புரட்டாசி அமாவாசையும் முன்னோர்க்கு உரியதே. ஆயின் அது தீபாவளி நெசவின் நடுவே வருவது. ஆடி அமாவாசையோ வேலை மந்தத்தில் வருவது. இவ்விழாக்களின் தோற்றத்துக்கு நெசவே காரணம் என நாம் கூறவில்லை. அவை காவிரி நாடு முழுமைக்கும் உரியன. ஆயினும் நெசவுக் குடும்பத்துக்கு அவை வாய்ப்பாக அமைந்தன. ஆவணியில் தொடங்கும் நெருக்கடி துயரத்தை அடக்கிவைக்குமாறு செய்யும். அடக்கிய துயரம் அடுத்த ஆடியில் ஆற்றங்கரையில் வெளிப்படும். சென்ற பருவத்தில் ஒருவரை இழந்த வீட்டார் அமாவாசையன்று கண்ணீரோடும், தம் அண்டை வீட்டார் பதினெட்டன்று மகிழ்வோடும் அதே துறைக்கு வந்தனர்.

1934இல் மேட்டூர் அணை முற்றுப்பெற்ற பின்னர், ஆற்றின் வரவும் மதகின் திறப்பைச் சார்ந்தது. சூன் 12ஆம் நாள் அணை திறத்தல் மரபாயினும், நீர்க்குறைவுற்ற ஆண்டுகளில் அது தவறும். ஆடி நோம்பிக்கு ஆற்றில் நீர் வேண்டும் என்பதும் அரசினர் முடிவுக்கு உரியதாயிற்று.

4. ஓய்வும் வேலையின்மையும்

கைத்தறிக் காலத்தை இன்பக் காலமாகக் காட்டுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. நெசவர் முன்பணத்துக்குக் கட்டுண்டமை புதிதன்று. கிழக்கிந்தியக் கும்பினியார் சேலம் வட்டாரத்து நெசவர்க்கு முன்பணம் ஈந்து துணி கொண்டனர். பின்னர்ப் பெருநெசவரும் நூல் வணிகரும் அவ்விடத்தைப் பெற்றனர். வீட்டில் தறி இருந்தாலும் பாவு பிறருடையதாதல் உண்டு.

மேலும், தறி நிற்பதெல்லாம் ஓய்வாகாது. 1952, 1953ஆம் ஆண்டுகளில் சென்னை மாநிலக் கைத்தறித் துணிகள் விற்பனையின்றித் தேங்கின. நெசவர் பசியால் வாடினர். கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. அண்ணாதுரை முதலியோர் தெருவில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றனர். அந்நாள்களில் தறியிலிருந்து விலகிய நெசவர்க்குப் பொழுது மிகுதியாய் இருந்தது. ஓய்வு சிறிதும் இல்லை. மீண்டும் தறிக்குத் திரும்பலாம் என்னும் உறுதியோடு தறியை நிறுத்துவதே ஓய்வு. அவ்வுறுதி இன்றேல் நிற்கும் தறி அச்சத்தையே தரும். இவ்வேறுபாட்டை உளங்கொண்டால் பிற்கால மாறுதலைத் தெளிவாகக் காணலாம்.

5. விசைத்தறியும் பாக்கியும்

மேட்டூரில் 1937இல் நீர்மின்னாக்கம் தொடங்கிற்று. மின்சாரம் பரவப் பரவ, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குமாரபாளையம் விசைத்தறி ஊராயிற்று. தறி வீட்டை விட்டுக் கூடத்துக்குப் பெயர்ந்தது. பகல், இரவு என இரு முறைகளாகத் தறி ஓடலாயிற்று. கஞ்சியிடும் வேலை ஆலைக்குச் சென்றது. பாவடியில் கைகள் கூடும் தேவை மறைந்தது. 1983இல் ம. கோ. இராமச்சந்திரன் ஆட்சியில் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டம் பொங்கலுக்கு முன் முடிக்க வேண்டிய பெரும் வேலையை இவ்வட்டாரத்து விசைத்தறிகளுக்குத் தந்தது. பருவத்தின் நெருக்கடி மார்கழி வரை நீண்டது.

இக்காலத்து இழவு நாளின் நிலையை அறியப் 'பாக்கி' முறை சிறந்த சான்று. மானிடவியலார் கெயர்ட் டி நேவ் 1999இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலும் 2005இல் வெளியிட்ட நூலிலும் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். தொழிலாளி கூடத்தில் சேருங்கால் உரிமையாளரிடம் முன்பணம் பெறுவார். அது தீராதவரை அவர் அக்கூடத்துக்கு உரியவராகக் கருதப்படுவார். ஆள் தட்டுப்பாட்டால் உரிமையாளர் பாக்கி தந்தனர். தொழிலாளரோ அதனைப் பெற்றபின்னும் கூடம் மாறுவதும் வராதிருப்பதும் செய்து தம் விருப்பை ஒருவாறு நிலைநாட்டினர். பாக்கி வெறும் அடிமைக்கட்டு அன்று. கட்டும் எதிர்ப்பும் அதில் ஒருங்கே உள என்பது அவர் முடிபு.

இம்முடிபை நம் பொருளோடு பொருத்திப் பார்ப்போம். சிறுகச் சிறுக வரும் வாரக்கூலியில் திடீரெனப் பெருந்தொகை வேண்டும் நிகழ்ச்சிகள் திருமணம், நோய், இறப்பு ஆகியவை. முன்னர்க் கைகளாகவும் நாள்களாகவும் கிடைத்த உதவி இப்போது பணமாகக் கிடைக்கிறது. பழைய தெருவில் இழவு வீட்டார் அயலார் கைகளுக்குக் கடன்பட்டனர். பாவடியில் கைம்மாறு செய்தால் அது தீர்ந்தது. கூடத்தில் இழவுக்குப் பெற்ற பாக்கியோ தறியின்முன் நிற்கும் நாள்களால் தீரவேண்டும். கூலி நெய்த அளவுக்கே உரியதாதலின், துயருக்காக நிற்கும் ஒவ்வொரு நாளும் கூலியை இழக்கச் செய்து, பாக்கி தீரும் நாளையும் ஒத்திவைக்கிறது. இழந்தாரை நினைக்கும் பொழுதே கடனாகிறது. இதற்குப் பொறியைக் குறை கூறுதல் பொருந்தாது. தறி எங்கே உள்ளது, நாள் யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பவையே காரணம்.

தொழிலாளி சொல்லாமல் வராதிருக்கும் நாளையும் இந்நோக்கில் காணுதல் வேண்டும். அதனைச் சோம்பல் என்றோ ஒழுங்கின்மை என்றோ எழுதுதல் எளிது. ஊர் அளித்த விடுப்பு மறைந்தபின், தனக்குரிய நாளைத் தானே எடுத்துக்கொள்ளும் முயற்சி அது எனக் கொள்வதே பொருத்தம்.

6. முடிபு

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். நெசவூரில் ஓய்வும் துயரமும் தனித்தனி வரலாறு உடையன அல்ல. தறியை நிறுத்தும் உரிமை என்னும் ஒன்றின் இரு கூறுகள் அவை. கைத்தறிக் காலத்தில் வறுமை இருந்தும் அவ்வுரிமையைக் குடும்பமும் தெருவும் பகிர்ந்து காத்தன; விசைத்தறிக் காலத்தில் அது தனியொருவர் பாக்கிக் கணக்குள் அடங்கியது. ஆயினும் ஆடியில் கூடுதுறைக்குச் செல்லும் வழக்கம் இன்றும் அழியவில்லை.

ஆய்வு மாணவர் இவ்வூர்களில் தொகுக்க வேண்டுவன பல. கூலிக் கணக்கேடுகளில் வராத நாள்களை எண்ணி, அவற்றை அமாவாசையோடும் நோம்பியோடும் ஒப்பிடலாம். குழித்தறியில் நெய்த முதியோர் இன்னும் வாழ்கின்றனர். தம் வீட்டு இழவின்போது தறி எத்தனை நாள் நின்றது, அதனை மீண்டும் ஓட்டியவர் யார் என்று அவர்களை வினவி எழுதிக்கொள்ளுதல் உடனே செய்யத்தக்கது. எந்த ஆவணத்திலும் இல்லாத அவ்விடைகள் அவர்கள் நினைவில் மட்டுமே உள.