எல்லர்ஸ்லியின் முப்பது கவுண்டர்கள்

ஆக்லாந்து நகர மையத்துக்குத் தென்கிழக்கே இருக்கும் எல்லர்ஸ்லியை நியூசிலாந்துக்காரர்கள் குதிரைப் பந்தயத்தை வைத்தே அறிவார்கள். 1874 முதல் அங்கே குதிரைகள் ஓடுகின்றன. கணினி வலையமைப்பை ஆய்வகத்தில் கையால் செய்து பார்த்துக் கற்பதற்கும் அந்தத் திடலுக்கும் என்ன தொடர்பு? 1913-இல் அங்கே நிறுவப்பட்ட ஒரு பந்தயக் கணக்கு இயந்திரம்தான் தொடர்பு. ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல் கணக்குப் போடும் மனிதரைக் குறித்த காலம் அது. பல முனைகள் ஒரே நொடியில் ஒரே கணக்கைத் தொட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்த இயந்திரம் அப்போதே விடை சொல்ல வேண்டியிருந்தது. வலையமைப்பின் மையச் சிக்கலும் இதுதான். இந்தச் சிக்கலை எந்த உறுப்புக்குள்ளும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. உறுப்புகள் கூடி இயங்கும்போது அவற்றின் இடைவெளியில் அது பிறக்கிறது. ஆகவே சேர்த்து இயக்கி, சுமை ஏற்றி, முறியவிட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். செய்முறைப் பயிற்சி பாடத்துக்கு ஒட்டுப்போட்ட துணைப்பகுதி என்ற எண்ணம் தவறு என்பதற்கு எல்லர்ஸ்லியே என் முதல் சான்று.

டோட்டலைசேட்டர் என்னும் பந்தய முறையில் எல்லாருடைய பணமும் ஒரே தொகுப்பில் சேரும். தரகு போக மீதி, வென்ற குதிரையின்மேல் சீட்டு வாங்கியவர்களுக்குப் பிரித்துத் தரப்படும். ஒவ்வொரு சீட்டு விற்கும்போதும் அந்தக் குதிரையின் கணக்கும் மொத்தக் கணக்கும் மாறும். இதைக் கையால் கூட்டிக்கொண்டிருந்த காலத்தில் கணக்கு எப்போதும் கூட்டத்துக்குப் பின்னால்தான் ஓடியது. தவறுக்கும் தில்லுமுல்லுக்கும் இடமிருந்தது. 1910-இல் நியூசிலாந்து சட்டம் புக்மேக்கர்களைத் தடை செய்ததும் சுமை முழுவதும் டோட்டலைசேட்டர் தலையில் விழுந்தது. இந்த நெருக்கடிக்கு விடை தந்த ஜார்ஜ் ஜூலியஸ், கிறைஸ்ட்சர்ச்சில் பிஷப்பாக இருந்தவரின் மகன். அங்கே கேன்டர்பரி கல்லூரியில் பொறியியல் படித்து, ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்தவர். அவர் முதலில் வடிவமைத்தது தேர்தலில் வாக்குகளை எண்ணும் இயந்திரத்தை. ஆஸ்திரேலிய அரசு அதை ஏற்கவில்லை. அதுவரை பந்தயத் திடலையே பார்த்திராத அவர், நண்பர் ஒருவர் விளக்கியதைக் கேட்டு அதே யோசனையைச் சீட்டுகளை எண்ணத் திருப்பினார். மாதிரியை வீட்டிலேயே செய்து பார்த்தார்.

எல்லர்ஸ்லியில் நிறுவப்பட்ட அவரது இயந்திரத்தில் முப்பது சீட்டுக் கவுண்டர்கள் இருந்தன. உள்ளே பியானோ கம்பிகளும் கப்பிகளும் வார்ப்பிரும்புப் பெட்டிகளும் பின்னிக் கிடந்தன. இயக்கு விசை, தொங்கவிட்ட எடைக்கற்களிலிருந்து வந்தது. இது வேலை செய்யாது என்றே பந்தய அதிகாரிகள் பலர் சொன்னார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒன்றுடன் ஒன்றைக் கூட்ட எந்தக் கடைக்காரருக்கும் தெரியும். இரண்டு கவுண்டர்களில் ஒரே குதிரைக்கு ஒரே கணத்தில் சீட்டு விற்றால் இரண்டும் கணக்கில் ஏறுமா, ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடுமா என்பதுதான் கடினமான கேள்வி. ஜூலியஸின் விடை, கோள் பற்சக்கரங்கள். இரண்டு அச்சுகளின் சுழற்சியை அவை மூன்றாவது அச்சில் கூட்டித் தரும். எது முன், எது பின் என்பது பொருட்டே இல்லை. கவுண்டர்கள் பெருகியபோது இந்த வழி செலவு மிக்கதாயிற்று. பிற்கால இயந்திரங்களில் பல கவுண்டர்கள் ஒரே கூட்டியைப் பகிர்ந்துகொண்டன. சுழலும் ஒரு பகிர்வான் அவற்றை முறை வைத்துத் தொட்டுச் சென்றது. 1928-இல் பாரிஸின் லோன்ஷான் திடலில் 273 முனைகள் இப்படி இணைந்திருந்தன. ஒவ்வொருவருக்கும் தனி வழியா, ஒரே வழியில் முறை வைத்துப் பங்கா என்று இன்றைய மாணவர் சுவிட்சின்முன் கேட்கும் கேள்வி, பாடநூல் எதுவும் இல்லாத காலத்தில் இரும்பில் கேட்கப்பட்டது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். ஒன்று, சூதாட்டக் கருவியைக் கல்விக்கு எடுத்துக்காட்டாக வைக்கலாமா என்பது. கிண்டிப் பந்தயத்தை ஒழிக்க 1974-இல் சட்டம் கொண்டுவந்த தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இயல்பானது. அந்த விவாதம் 1996-இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைத் திறமை சார்ந்த ஆட்டம் என்று சொல்லும்வரை நீண்டது. ஆனால் பந்தயத்தின் நன்மை தீமை இயந்திரத்தின் தர்க்கத்தைத் தொடுவதில்லை. அது வாக்கெண்ணப் பிறந்த யோசனை என்பதே இதற்குச் சாட்சி. இரண்டாவது மறுப்பு வலுவானது: எல்லர்ஸ்லி இயந்திரத்தில் முகவரி இல்லை, பாக்கெட் இல்லை, செய்தி ஒரு திசையில் மட்டுமே போனது, அதை எப்படி வலையமைப்பு என்பது? ஒப்புக்கொள்கிறேன், அது இன்றைய பொருளில் வலையமைப்பு ஆகாது. வழி தேடுவது பற்றி அது எதையும் கற்றுத்தராது. போட்டியும் பகிர்வும் பற்றிக் கற்றுத்தரும். அதே சிக்கல் பின்னர் கணினிகளுக்கும் வந்தது: 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழு இயக்கிய அலோகாநெட், ஒரே வானொலி அலைவரிசையைப் பலர் பகிர்ந்தால் செய்திகள் மோதிக்கொள்ளும் என்பதை எதிர்கொண்டது. அதன் எளிய வடிவில் அலைவரிசையின் கொள்ளளவில் ஏறத்தாழ 18 சதவீதத்துக்கு மேல் பயன்படாது.

அப்படியானால் கணிதம் போதாதா என்று கேட்கலாம். எல்லர்ஸ்லிக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1909-இல், டென்மார்க்கின் எர்லாங் தொலைபேசி அழைப்புகள் எப்படிக் குவிகின்றன என்பதைத் தாளில் எழுதிக் காட்டிவிட்டார். அவருடைய சூத்திரங்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் எர்லாங் வகுப்பறையில் உட்கார்ந்து அவற்றை எழுதவில்லை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தார், அதன் நடைமுறைத் தொல்லைகளைக் கணிதமாக்கினார். எதிர்ப்பக்கத்துச் சான்று இன்னும் கூர்மையானது. இணையத்தில் தகவலைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறை 1981-இல் ஒழுங்காக எழுதி வெளியிடப்பட்டது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் நானூறு கஜத்துக்கு அப்பாலிருந்த பல்கலைக்கழக வளாகத்துக்கும் இடையே வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. பாக்கெட் தொலைந்தது என்று எண்ணி ஒவ்வொரு கணினியும் மறுபடி அனுப்ப, அந்த மறு அனுப்பலே நெரிசலைப் பெருக்கியது. ஒவ்வொரு கணினியும் விதிப்படியே நடந்தது. சேர்ந்து நடந்தபோது பாதை அடைபட்டது. வான் ஜேக்கப்சன் ஓடும் வலையை அளந்து பார்த்து 1988-இல் தந்த தீர்வு இன்றைய இணையத்தின் அடித்தளங்களில் ஒன்று.

கடைசி மறுப்பு, பாவிப்பு (சிமுலேஷன்) மென்பொருள்கள் வந்தபின் கம்பியும் பெட்டியும் எதற்கு என்பது. இதில் பாதி நியாயம் உண்டு. 2010-இல் வந்த மினிநெட் ஒரு மடிக்கணினிக்குள் முழு வலையமைப்பையே இயக்குகிறது. கருவி வாங்க வசதியில்லாத கல்லூரிக்கு அது வரம். கை என்று நான் சொல்வது இரும்பை மட்டும் அல்ல. ஜூலியஸ் படித்த அதே கேன்டர்பரியில், இன்று பல்கலைக்கழகமாகிவிட்ட நிறுவனத்தில், டிம் பெல் கணினியே இல்லாமல் கணினியியல் கற்பிக்கும் பயிற்சிகளை 1990-களில் நண்பர்களுடன் உருவாக்கினார். அவற்றில் ஓர் ஆட்டத்தில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஆரஞ்சுப் பழங்களை அடுத்தவரின் காலிக் கைக்கு மாற்றுவார்கள். ஒவ்வொரு பழமும் தனக்குரியவரிடம் போய்ச் சேர வேண்டும். தன் பழம் கிடைத்ததும் விடாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு பிள்ளையால் வட்டம் முழுதும் முடங்கிவிடும். கம்பியும் இல்லை, மென்பொருளும் இல்லை. முட்டுக்கட்டை மட்டும் உண்மையாக நிகழ்கிறது. கருவி எது என்பது இரண்டாம் பட்சம். தோற்க இடம் தருகிறதா என்பதே அளவுகோல்.

இந்த அளவுகோலை நம் பொறியியல் கல்லூரிகளின் வலையமைப்பு ஆய்வகத்தில் வைத்துப் பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் டிசிபிடம்ப், நெட்ஸ்டாட், சாக்கெட் நிரல்கள், நெரிசல் கட்டுப்பாட்டுப் பாவிப்பு எல்லாம் இருக்கின்றன. பட்டியலில் குறை சொல்ல முடியாது. குறை ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பயிற்சியும் ‘நிரல் இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது’ என்ற ஒரே வாக்கியத்தில் முடிய வேண்டும் என்று எதிர்பார்த்தால், மாணவர் தோல்வியை மறைக்கவே கற்பார். எங்கே முறிந்தது, எத்தனை முனைகள் சேர்ந்தபோது முறிந்தது என்று எழுதுவதற்கு ஒரு பக்கம் ஒதுக்கி அதற்கு மதிப்பெண் கொடுத்தால், கூடுதல் கருவி எதுவும் வாங்காமலே ஆய்வகம் மாறிவிடும். எல்லர்ஸ்லியில் ‘இது வேலை செய்யாது’ என்ற அதிகாரிகள் முடிவில் தோற்றார்கள். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வாய் என்று இயந்திரத்தைப் பார்த்துக் கேட்டதில் அவர்கள் சரி. பயிற்சித் தாளின் முதல் வரியாக அந்தச் சந்தேகத்தையே எழுதி வைக்கலாம்.