மன்றத்துக் கணக்கு: கக்கன் அவர்களின் பாராளுமன்ற ஆண்டுகளும் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும்

நம் மேலூர் வட்டத்துத் தும்பைப்பட்டியில், ஊர்க்கோயில் பூசாரியின் மகனாகப் பிறந்து, நாட்டின் உயர்ந்த மன்றத்தில் அமர்ந்தவர் திரு. பி. கக்கன் அவர்கள். 1946 முதல் 1950 வரை அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1952 முதல் 1957 வரை மதுரையின் மக்களவை உறுப்பினர். 1957 முதல் 1967 வரை மாநில அமைச்சர். 1981 டிசம்பர் 23ஆம் நாள் மறைந்தார். அவரைப் பற்றி இன்றைய இளைஞர் எவரைக் கேட்டாலும் இரண்டு செய்திகளைத் தவறாமல் சொல்வர். பதவி போனபின் பேருந்தில் பயணம் செய்தார் என்பது ஒன்று. மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளியாகக் கிடந்தவரை எம்.ஜி.ஆர். கண்டு கலங்கினார் என்பது மற்றொன்று. அவர் தூய்மையாக வாழ்ந்தார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எனினும் ஐந்து ஆண்டுகள் டில்லியில் நம் பெயரால் அமர்ந்திருந்தவரின் மன்றத்து வாழ்க்கையைப் பற்றி நம்மில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. வறுமையைப் பாடுகிறோம், வாக்கைக் கேட்பதில்லை. இக்கட்டுரை அந்த இரண்டாவது கணக்கைப் பற்றியது.

மேடைப் புகழுரைகளில் பிழைகளும் கலந்துவிடுகின்றன. மேட்டூர் அணையைக் கக்கன் கட்டினார் என்று கூறுவோர் உளர். மேட்டூர் அணை 1934லேயே முடிந்தது. அவர் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்தபோது 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது வைகை அணையே. அவ்வாறே, 1963 முதல் 1967 வரை அவர் உள்துறை அமைச்சராக இருந்த காலத்தில்தான் 1965 மொழிப் போராட்டமும் துப்பாக்கிச் சூடுகளும் நிகழ்ந்தன என்பதை அம்மேடைகள் சொல்வதில்லை. ஒரு மனிதரின் கணக்கைப் பார்ப்பதென்றால் வரவு, செலவு ஆகிய இரு பக்கங்களையும் பார்த்தல் வேண்டும்.

அவர் டில்லி சென்ற வழியை முதலில் அறிவோம். 1932 செப்டம்பர் 24ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் தாழ்த்தப்பட்டோர்க்குத் தனி வாக்காளர் தொகுதியைக் கைவிட்டு, பொது வாக்காளர் வாக்கால் நிரப்பப்படும் தனி இடங்களை அளித்தது. மாகாணச் சட்டசபைகளுக்கென ஒதுக்கப்பட்ட 148 இடங்களில் சென்னை மாகாணத்தின் பங்கு 30. 1939 ஜூலை 8ஆம் நாள் திரு. அ. வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்ற நம்மவருள் கக்கனும் ஒருவர். 1946இல் அரசியல் நிர்ணய சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தவை மாகாணச் சட்டசபைகள்; மக்கள் நேரே தேர்ந்தெடுக்கவில்லை. மக்கள் நேரே வாக்களித்தது 1951-52 பொதுத் தேர்தலில்தான்.

அத்தேர்தலில் மதுரை இரட்டை உறுப்பினர் தொகுதி. இன்றைய இளைஞர்க்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு. இரண்டையும் ஒருவருக்கே இடலாகாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி. வேண்டிய பெட்டியில் சீட்டை இடவேண்டும். பட்டியல் இன வேட்பாளருள் மிகுதியாக வாக்குப் பெற்றவர்க்குத் தனி இடம். எஞ்சிய அனைவருள்ளும் முதல்வர்க்கு மற்றோர் இடம். எஞ்சியவருள்ளும் நம்மவரே முந்தினால் இரண்டு இடங்களும் நமக்கே. 1957இல் ஆந்திரத்துப் பார்வதிபுரத்தில் பழங்குடியினர் இருவரும் இவ்வாறே வென்றனர். தோற்றவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தீர்ப்பு பழங்குடி உறுப்பினர் பக்கமே நின்றது. அதற்குப் பின் நெடுநாள் செல்லவில்லை. 1961இல் இரட்டைத் தொகுதி முறையையே எடுத்துவிட்டனர்! காரணங்கள் பல கூறப்பட்டன. வாசகர் தாமே ஊகித்துக்கொள்க.

இனி, வாக்கைப் பற்றி. பாராளுமன்றத்தில் பெரும்பாலான முடிவுகள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடும். ஆதரிப்போர் 'ஆம்' என்பர். எதிர்ப்போர் 'இல்லை' என்பர். சபாநாயகர் தீர்ப்புச் சொல்வார். எவர் எப்பக்கம் குரல் கொடுத்தார் என்பது ஏட்டில் ஏறாது. எவரேனும் வற்புறுத்திப் பிரிவு வாக்கெடுப்பு நடத்தினால் மட்டுமே பெயர்கள் அச்சாகும். கக்கன் இருந்த மக்களவையில் உறுப்பினர்கள் எழுந்து தனித்தனி நடைகூடங்களுக்குச் சென்று வாக்களித்தனர். பொத்தானை அழுத்தும் இயந்திரம் 1957இல்தான் பொருத்தப்பட்டது. அரசியல் சட்டத் திருத்தங்களுக்குத் தனிப் பெரும்பான்மை தேவையாதலால் அவற்றை எண்ணித்தான் நிறைவேற்ற முடியும். முதலாம் மக்களவைக் காலத்தில் இரண்டாம் திருத்தம் முதல் ஏழாம் திருத்தம் வரை ஆறு திருத்தங்கள் நிறைவேறின. அந்தப் பிரிவுப் பட்டியல்களே அக்காலத்து உறுப்பினர் எவருடைய வாக்கையும் நாம் காணத்தக்க இடம்.

அதற்கு முந்திய முதல் திருத்தமோ நம் கல்விக்கே வேர். சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் செல்லாதென்றது. தமிழகம் கொதித்தது. அரசியல் நிர்ணய சபையே தற்காலிகப் பாராளுமன்றமாகத் தொடர்ந்த காலம் அது. ஜூன் 2ஆம் நாள் 228 பேர் ஆதரிக்க, 20 பேர் எதிர்க்க, அத்திருத்தம் நிறைவேறியது. அதில் சேர்ந்ததே 15(4) என்னும் உட்பிரிவு. நம் கழகத்தின் உதவியால் கல்லூரி சென்ற பிள்ளைகளுள் பலர் நுழைந்த வாயில் இந்த உட்பிரிவுதான். ஒரு நாள் வாக்கெடுப்பு எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களைப் படிக்க வைக்கிறதென்றால், வாக்கு என்பது எத்தகைய பொருள் என்பதை மாணவர்கள் உணரலாம்.

மற்றொரு நாளையும் குறிப்பிட வேண்டும். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவு 1948 நவம்பர் 29ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் ஏற்கப்பட்டது. அன்று சென்னை மாகாணத்திலிருந்து சென்ற நம்மவராகிய வி.ஐ. முனுசாமிப் பிள்ளையும் தாட்சாயணி வேலாயுதனும் எழுந்து பேசினர். பேசியதால் அவர்கள் சொற்கள் நடவடிக்கை ஏட்டில் நிற்கின்றன. இன்றும் நாம் படிக்கலாம். பேசாதவரை வரலாறு மறந்துவிடுகிறது. ஆனால் இதிலும் நிதானம் தேவை. அக்காலத்தில் அங்கே ஆங்கிலமும் இந்தியுமே ஆட்சி செய்தன. தாய்மொழியில் பேச 120ஆம் பிரிவு இடந்தந்தாலும், சபாநாயகர் அனுமதி வேண்டும். அவ்விரு மொழிகளுக்கிடையே உடனுக்குடன் மொழிபெயர்க்கும் ஏற்பாடுகூட 1964இல்தான் வந்தது. தமிழில் பேசினால் கேட்பவர் யார்? ஆகவே பேச்சை மட்டும் எண்ணி ஒருவரை அளப்பது நேர்மையாகாது.

கக்கன் உறுப்பினராக இருந்த மக்களவை 677 நாட்கள் கூடியது. தீண்டாமைக் குற்றச் சட்டம் அம்மக்களவையில்தான் பிறந்தது. 1955 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தேநீர்க்கடையில் தனிக்குவளை வைத்தவனுக்கும் கிணற்றில் நீரெடுக்கத் தடுத்தவனுக்கும் ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை மென்மையானது என்பதை நாடு உணர்ந்து திருத்தியது 1976இல்; அதன்பின் 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அச்சட்டமும் நம் வட்டத்தில் எல்லாவற்றையும் காத்துவிடவில்லை. தனி இடமான ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்று வென்ற குற்றத்துக்காக மேலவளவில் திரு. முருகேசனும் உடனிருந்தோரும் 1997 ஜூன் 30ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டனர். பிரதிநிதித்துவம் என்ற சொல்லை நாம் எளிதாக உச்சரிக்கலாகாது.

செலவுக்கு வருவோம். நம் திருவாதவூர் இவ்விஷயத்தில் பழம்பெருமை உடைய ஊர். நம்மூரில் தோன்றிய அமைச்சர், பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்டார். அரசன் கணக்குக் கேட்டான். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி அனுப்பினான் என்பது யாவரும் அறிந்த வரலாறு. மாணிக்கவாசகருக்குக் கிடைத்த அத்துணை இன்றைய எம்.பி.க்குக் கிடைக்காது, அவர் கணக்கை அவரேதான் காட்டவேண்டும்.

கக்கன் காலத்துக் கணக்கு சிறியது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பினருக்கு மாதச் சம்பளம் 400 ரூபாய். நாட்படி 21 ரூபாய். 2018இல் சம்பளம் ஒரு லட்சமாகவும், 2023 ஏப்ரல் முதல் 1,24,000 ரூபாயாகவும் உயர்ந்தது. தேர்தல் செலவு உச்சவரம்பு அன்று ஒற்றைத் தொகுதிக்கு 25,000. 2022 முதல் நம்மைப் போன்ற மாநிலங்களில் 95 லட்சம். சொத்து விவரத்தை வேட்பாளர் வெளியிட வேண்டும் என்ற விதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. கக்கன் காலத்தில் அவ்விதி இல்லை. இருந்திருந்தால் அவர் படிவத்தை நிரப்ப அதிக நேரம் ஆகியிராது.

அன்றைய உறுப்பினர்க்கு இல்லாததும் இன்று உள்ளதும் தொகுதி வளர்ச்சி நிதி. 1993 டிசம்பரில் தொடங்கியது. 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். பணத்தை உறுப்பினர் தொடுவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைப்பார். மாவட்ட ஆட்சியர் நிர்வாகம் நிறைவேற்றும். இதில் குறைந்தது 15 விழுக்காடு பட்டியல் இனத்தவர் வாழும் பகுதிகளுக்குச் செலவிடப்பட வேண்டும் என்பது விதி. ஐந்து கோடியில் அது 75 லட்சம். கொரோனாவால் 2020 ஏப்ரலில் நிறுத்தப்பட்ட இந்நிதி 2021இல் மீண்டும் வந்தது.

மக்களவைக்கு மதுரை 1957 முதல் பொதுத் தொகுதியே. மேலூர் சட்டமன்றத் தொகுதி இன்று அதனுள் அடங்கியது. ஆகவே 'நம்மவர் இல்லையே, யாரிடம் கேட்பது' என்று சிலர் சோர்கின்றனர். இது பெரும் தவறு. அந்த 15 விழுக்காடு உறுப்பினர் எச்சாதியர், எக்கட்சியர் என்று பார்த்து வருவதன்று. எந்தத் தெருவில் எந்தப் பணி, எவ்வளவு தொகை, முடிந்ததா என்ற விவரத்தை 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கேட்கலாம்.

வருகைப்பதிவைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஏட்டில் கையெழுத்திட்டவர் அன்று முழுவதும் அமர்ந்திருந்தார் என்பதில்லை. அமைச்சர்கள் அந்த ஏட்டில் கையெழுத்திடுவதேயில்லை. வாக்கைப் பார்ப்பவர்களும் 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தை நினைவில் கொள்ளவேண்டும். அதன்பின் கொறடா ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்கலாம். எனவே இன்று ஓர் உறுப்பினர் எங்கே நிற்கிறார் என்பதைப் பிரிவுப் பட்டியலைவிட அவர் எழுப்பும் கேள்விகளே நன்கு காட்டும். கேள்வி கேட்பதற்குக் கொறடா ஆணை தேவையில்லை.

பாராளுமன்ற நூலகம் பழைய நடவடிக்கை ஏடுகளைக் கணினியில் ஏற்றி, எவரும் இலவசமாகப் படிக்க வைத்துள்ளது. ஆங்கிலம் அறிந்த கல்லூரி மாணவர்கள் தீண்டாமைக் குற்றச் சட்டம் ஒப்புதல் பெற்ற 1955 மே 8ஆம் நாளுக்கு முந்திய வாரங்களிலிருந்து தொடங்கலாம். நாளும் பெயரும் குறித்துத் தமிழில் எழுதித் தருவோரின் ஏடுகளை நம் கழக நூலகத்தில் கட்டமைத்து வைக்க இடமிருக்கிறது.