சாரணர் படையும் சாத்திய கதவுகளும்

சாரணர் இயக்கத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரு தளபதியின் வாழ்க்கையை எழுதி முடித்துவிடுகின்றனர். ராபர்ட் பேடன்-பவல் பிறந்தார், போர் புரிந்தார், நூல் இயற்றினார், சிறுவர் திரண்டனர் என்பதோடு கதை முற்றுப்பெறுகிறது. எவருடைய வீட்டுச் சிறுவர் திரண்டனர், எவருடைய வீட்டுச் சிறுவர் வாசலிலேயே நிறுத்தப்பட்டனர் என்னும் கேள்வியை அவர்கள் எழுப்புவதில்லை. இவ்வியக்கத்தின் சட்டங்களுள் நான்காவது, சாரணன் எல்லார்க்கும் நண்பன் என்றும், மற்றொரு சாரணன் எவ்வகுப்பினனாயினும் அவனுக்கு உடன்பிறந்தானே என்றும் கூறுவது. 1908-இல் அச்சேறிய இச்சட்டம் நம்மவர் பிள்ளைகளை வந்தடைய எத்தனை காலம் பிடித்தது, அதற்கு எவரெவர் கதவைத் தட்டவேண்டியிருந்தது என்பதையே ஈண்டு ஆராய்கின்றோம்.

இவ்வியக்கம் படைவீட்டிற் பிறந்ததெனப் பலர் எண்ணுவர். ஒரு கைம்பெண்ணின் இல்லத்திற் பிறந்ததென்று சொல்வதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. பேடன்-பவல் 1857-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஒரு பாதிரியார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் வடிவ கணிதப் பேராசிரியர். அவர் 1860-இல் காலமானபோது பிள்ளைக்கு வயது 3. தாயார் ஹென்ரியேட்டா கிரேஸ் அம்மையார் பெரிய குடும்பமொன்றைத் தனியே நின்று வளர்த்தார். மூத்த மகன் வாரிங்டன் கடல் தொழில் அறிந்தவர். விடுமுறை வந்தால் தம்பியரைத் தோணியிலும் படகிலும் ஏற்றிச் செல்வார். தோணி துடுப்பதும் கூடாரம் அடிப்பதும் தம் சோற்றைத் தாமே ஆக்கிக்கொள்வதும் அண்ணனிடம் தம்பியர் பெற்ற கல்வி. பிறகு சார்ட்டர்ஹவுஸ் பள்ளியிற் பயின்ற நாளில், எல்லைக்கு அப்பாலிருந்த தோப்பிற் புகுந்து முயல் பிடித்து, ஆசிரியர் கண்ணிற் புகை படாதவாறு சமைத்துத் தின்றாராம். வகுப்பிற் கற்ற லத்தீனைவிட இத்தோப்புப் பாடமே பின்னாளில் உலகிற்குப் பயன்பட்டது என்பதில் ஐயமில்லை.

தென்னாப்பிரிக்காவின் மேஃபகிங் நகர் 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை 217 நாள் முற்றுகைக்கு உட்பட்டிருந்தபோது அதன் காவலுக்குத் தலைமை தாங்கியவர் இவரே. அங்கே வெள்ளையர் வீட்டுச் சிறுவர் ஒரு சிறு படையாகத் திரட்டப்பட்டனர். கடிதங்களைக் கொண்டு சேர்ப்பதும் காவல் நிற்பதும் அவர்கள் வேலை. முதலிற் கழுதை மீதும், பின்பு சைக்கிளிலும் சென்றனர். பொறுப்பைக் கொடுத்தால் சிறுவன் அதனைச் சுமப்பான் என்ற எண்ணம் பேடன்-பவலின் உள்ளத்தில் அங்கேதான் வேரூன்றிற்று. ஆங்கில நூல்கள் விரித்துரைக்கும் இக்கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதே முற்றுகையில் வெள்ளையர்க்கும் ஆப்பிரிக்க மக்களுக்கும் உணவுப் பங்கீடு ஒன்றாக இருக்கவில்லை. பட்டினியால் மாண்ட ஆப்பிரிக்கர் பலர். அவர்தம் பிள்ளைகளின் தொண்டினைப் பாடுவார் எவருமிலர்.

இனி, 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 1 முதல் 8 வரை இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரௌன்ஸீ தீவில் நடைபெற்ற முகாமிற்கு வருவோம். இவ்விடத்தில் சற்று நின்று பேசுதல் தகும். ஈட்டன், ஹேரோ போன்ற செல்வர் பள்ளிகளிலிருந்து ஏறத்தாழப் பாதிப் பேர். மற்றப் பாதி பூல், போர்ன்மத் ஆகிய ஊர்களிலிருந்து வந்த எளிய குடும்பத்துப் பிள்ளைகள். ஆகச் சிறுவர் 20 பேர். அவரோடு பேடன்-பவலின் அண்ணன் மகன் டொனால்டு, வயது 9. ஓநாய், எருது, காகம், குருகு என்னும் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். செல்வர் மகன் ஒரு கூடாரம், தொழிலாளி மகன் ஒரு கூடாரம் என்று பிரிக்கவில்லை. அக்கால இங்கிலாந்தில், பிரபு வீட்டுப் பிள்ளையும் கடைக்காரன் பிள்ளையும் ஒரே சட்டியிற் சமைத்து ஒரே கூடாரத்தில் உறங்குவதென்பது எளிதில் நடக்கக்கூடியதன்று. காலையிற் கூடு என்னும் ஆப்பிரிக்க மானின் கொம்பை ஊதி எழுப்புவார்கள். அனைவரும் ஒருசேர எழுந்தாக வேண்டும்.

கட்டணத்தைக் குறித்தும் ஒரு செய்தி உண்டு. செல்வர் பிள்ளைகளுக்கு ஒரு பவுன்; ஏனையோர்க்கு மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ். அவரவர் தகுதிக்கேற்ற பணம், எல்லார்க்கும் ஒரே சோறு. சமத்துவத்தைப் பற்றி மேடையேறி முழங்குவோர் பலர்க்கும் தோன்றாத கணக்கு இது.

எங்கள் குடும்பம் ஒரு செம்பனைத் தோட்டத்திற் கிராணி வேலையால் வாழும் குடும்பம். எங்கள் பிள்ளைகள் இருவரும் பள்ளியிற் சாரணர் படையிற் சேர்ந்தவர்கள். முகாம் என்று சொல்லித் தாள் ஒன்று வீட்டிற்கு வந்தது. சட்டை, கால்சட்டை, தொப்பி, கழுத்துத் துணி, வண்டிச் சத்தம் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. எங்களுக்கே அது சுமை; குலை அறுக்கும் தொழிலாளியின் மகனுக்கும் அதே தொகைதான். கட்டமுடியாத பிள்ளைகள் பெயர் கொடுக்காமல் ஒதுங்கினர். ஒதுங்கியவர்க்கு ஆர்வமில்லையென்று குறிப்பேட்டில் எழுதினார்கள். தோட்டத்துப் பெற்றோர் சிலர் கூடிப் பேசி, வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் பழைய சட்டைகளை வீட்டுக்கு வீடு மாற்றிக் கொடுப்பதென்று ஏற்பாடு செய்துகொண்டோம். எங்கள் மூத்தவன் சட்டை இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறது. பித்தான்கள் மட்டும் மாறியிருக்கின்றன.

முகாமிலிருந்து பையன் திரும்பிய அன்று பாட்டி அவனை அருகழைத்து, "ஏண்டா தம்பி, அங்கே சோறு ஆக்கினது யாரு?" என்று கேட்டார். "நாங்கதான் பாட்டி, முறை போட்டு ஆக்கினோம். எங்க முறையில உப்பு போட மறந்துட்டோம்" என்றான். பாட்டி கேட்டது உப்பைப் பற்றியன்று. அது அவனுக்கு விளங்கவில்லை. விளங்காமற் போனதில் எங்களுக்கு மகிழ்ச்சியே.

பிரௌன்ஸீ முகாமின் அனுபவத்தை வைத்து எழுதப்பட்ட நூல் 1908 ஜனவரி முதல் இரு வாரத்திற்கொரு பகுதியாக ஆறு பகுதிகளாய், பகுதி நான்கு பென்ஸ் விலையில் வெளிவந்தது. சிறுவர் தாமாகவே அணி திரண்டனர். 1909 செப்டம்பரில் லண்டன் பளிங்கு மாளிகையில் 10,000-க்கு மேற்பட்ட சிறுவர் கூடியபோது, அழையாமலே சில சிறுமியரும் சாரணர் உடையில் வந்து நின்றனர். இதுவே முதன்முதல் தட்டப்பட்ட கதவு. 1910-இல் பேடன்-பவலின் தங்கை ஆக்னெஸ் அம்மையாரைக் கொண்டு சாரணியர் இயக்கம் தனியே தொடங்கப்பட்டது. ஒரே படையில் இடம் கேட்ட பெண்களுக்கு வேறொரு படை கிடைத்தது. அந்நாளைய வழக்கம் அவ்வளவுதான் இடங்கொடுத்தது போலும்.

இந்தியாவுக்குச் சாரணம் வந்தது 1909-இல். பெங்களூரில் கேப்டன் டி. எச். பேக்கர் என்பார் தொடங்கிய படை ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. இந்தியச் சிறுவர்க்கு இடமில்லை. காரணம் யாதெனில் அரசாங்கத்தாரின் அச்சம். 1905-இல் வங்காளப் பிரிவினை. 1908-இல் முசாபர்பூரில் வெடிகுண்டு. அத்தகைய நாட்டில் சிறுவர்க்கு அடிச்சுவடு பார்க்கவும், நிலப்படம் வரையவும், கொடியசைத்துச் செய்தி அனுப்பவும் கற்றுக்கொடுத்தால் நாளை அவர்கள் யாருக்கு எதிராக அதனைப் பயன்படுத்துவார்களோ என்று ஆள்வோர் நடுங்கினர். உடன்பிறப்பைப் பேசிய நான்காம் சட்டம் சூயஸ் கால்வாயைத் தாண்டும்போது கப்பலிலிருந்து இறங்கிவிட்டது போலும்!

கதவு திறக்குமெனக் காத்திராமல் சிலர் தமக்கென வேறு வீடு கட்டினர். வடக்கே ஷாஜகான்பூரில் 1913-இல் ஸ்ரீராம் வாஜ்பாய் சிறுவர் படையொன்றை அமைத்தார். பின்னர் அலகாபாத்தில் மதன்மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு ஆகியோரின் துணையுடன் சேவா சமிதிச் சாரணர் சங்கம் தோன்றிற்று. தெற்கே சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலின் உதவியோடு 1916-இல் இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினார். தன்னாட்சிக் கழகத்தை அவர் தொடங்கிய ஆண்டும் அதுவே. மறு ஆண்டு அரசாங்கம் அவரைக் காவலில் வைத்தது. அந்நிலையில் தம் மகனை அச்சங்கத்தின் சீருடையில் தெருவுக்கு அனுப்பிய தகப்பனின் துணிவை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அம்மையாரின் அரசியலைப் பற்றியும் பிரம்மஞானத்தைப் பற்றியும் சுயமரியாதை இயக்கத்தார் கொண்டிருந்த அபிப்பிராயம் யாவரும் அறிந்ததே. நமக்கும் அதில் வேற்றுக் கருத்தில்லை. ஆயினும் இவ்வொரு காரியத்தில் அவர் தமிழ்நாட்டுச் சிறுவர்க்குச் செய்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது.

சாத்தியவர்கள் திறக்க நேர்ந்தது இதனாலேயே. 1921-இல் பேடன்-பவல் இந்தியாவுக்கு வந்தார். சென்னையில் பெசன்ட் அம்மையாரின் சங்கம் தாய்ச்சங்கத்தோடு இணைந்தது. சேவா சமிதியார் இணையவில்லை. அவர்கள் ஐயம் காரணமற்றதன்று என்பதைப் பின்வந்த நிகழ்ச்சி காட்டிற்று. 1937-இல் டில்லிப் பெருமுகாமுக்கு வந்து சென்ற பேடன்-பவல், இந்திய மொழிகளில் 'ஹானர்' என்பதற்குச் சொல்லே இல்லை என்ற கருத்துப்படப் பேசியதாக ஏடுகளில் வெளிவந்தது. இதைப் படிக்கும் தமிழர்க்குச் சிரிப்பு வருமா, சினம் வருமா? திருக்குறளில் மானம் என்று ஓர் அதிகாரமே உள்ளது, 97-ஆம் அதிகாரம். நம் காலத்தில் ஒரு பேரியக்கமே மரியாதை என்னும் சொல்லைத் தன் பெயரில் தாங்கி எழுந்தது. சொல் இல்லாத குறையன்று. கேட்கும் காது இல்லாத குறை. மானமுள்ள சாரணர் பலர் தாய்ச்சங்கத்தை விட்டு வெளியேறினர். 1938-இல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் எழுந்தது. பிரிந்தவை யாவும் ஒன்றாகி பாரத சாரணர் அமைப்பு உருவானது விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7-ஆம் நாள்.

நேட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்று குடியேறிய நம்மவர் பிள்ளைகளின் கதை இதனினும் நீண்டது. தென்னாப்பிரிக்காவில் 1936-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வெள்ளையர்க்கு ஒன்று, ஆப்பிரிக்கர்க்கு ஒன்று, கலப்பினத்தவர்க்கு ஒன்று, இந்தியர்க்கு ஒன்று என நான்கு சங்கங்கள் தனித்தனியே இயங்கின. இவை ஒரே சங்கமானது 1977-இல். 1936-இல் சேர்ந்த சிறுவன் அப்போது பேரப்பிள்ளை கண்டிருப்பான்.

மலாயாவில் சாரணம் வேர்விட்டது முன்னதாகவே. பினாங்கில் 1908-இல் சோதனையாக ஒரு படை, சிங்கப்பூரில் 1910-இல். மலாயாச் சாரணத்தின் தந்தையெனப்படும் பிராங்க் கூப்பர் சேண்ட்ஸ் அவ்வாண்டில்தான் வந்து சேர்ந்தார். நாளடைவில் நகரத்து ஆங்கிலப் பள்ளிகளில் எல்லா இனச் சிறுவரும் சேர்ந்தனர். பெங்களூரில் இருந்தது போன்ற இனத்தடை இங்கே நெடுநாள் நிற்கவில்லை. ஆனால் தோட்டத்துப் பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்கு வந்தால் அன்றோ சாரணனாவான்? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்திற் பள்ளி வைக்க முதலாளியைக் கடமைப்படுத்திற்று. பள்ளி என்றால் பல இடங்களில் லயத்துக் கோடியில் ஒரு கொட்டகை. ஆசிரியர் என்றால் கங்காணியோ, கணக்கெழுதும் கிராணியோ, எழுத்தறிந்த ஒரு தொழிலாளியோ. பாடம் முடிந்தால் பிள்ளை பால் வாளியோடு பெற்றோர் நிரைக்குப் போகவேண்டும். பன்னிரண்டு வயதானால் பெரட்டுக் களத்தில் அவனுக்கும் பெயர் உண்டு. கொடி வணக்கத்திற்கு நிற்க அவனுக்கு நேரம் ஏது?

1942-இல் ஜப்பானியர் வந்து சாரணத்தைத் தடைசெய்தனர். அக்காலத்திலேதான் தோட்டத்துச் சிறுவர் பலர் முதன்முதலாக அணிவகுத்து நின்றனர் என்பது வரலாற்றின் விந்தை. 1943-இல் இந்திய சுதந்திரச் சங்கத்தார் அமைத்த பால சேனையில் அவர்கள் நடை பழகினர், பாட்டுப் பாடினர், கொடியேற்றினர். அவர்கள் தகப்பன்மார் பல்லாயிரவர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்ததும் அவ்வாண்டுகளில்தான். சேனையில் நின்ற பிள்ளை வீடு திரும்பினால் அடுப்பெரியாத வீடுகள் எத்தனையோ!

போர் ஓய்ந்தபின் கெடாவில், பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் ஏ. எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இதில் நின்றோர் பால் சீவும் இளைஞர், கையிற் கம்பு. ஓய்வு நேரத்தில் அணிவகுப்புப் பழகியதும், மது வேண்டாமென்று லயம் லயமாகச் சொல்லிச் சென்றதும், கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்ததும் இவர்கள் பணி. நாள்தோறும் ஒரு நற்செயல் என்னும் சாரணர் நெறியைத் தோட்டத்திற் செய்து காட்டியவர்கள் இவர்களே என்போம். 1947-இல் போலீசார் இப்படையைக் கலைத்தனர். பலர் சிறை புகுந்தனர். நகரத்துச் சாரணர்க்கு அதிகாரிகள் பதக்கம் அணிவித்த அதே நாட்டில், கள்ளை ஒழிக்கப் புறப்பட்ட தோட்டத்து இளைஞர்க்கு விலங்கு பூட்டப்பட்டது.

இன்று தமிழ்ப்பள்ளிகளிற் சீருடை இயக்கங்களுள் ஒன்றாகச் சாரணமும் இருக்கிறது. ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் அதில் நிற்கின்றனர். இனத்தையோ சாதியையோ கேட்டு எவரும் நிறுத்துவதில்லை. சட்டையின் விலை ஒன்று. மற்றொன்று, தோட்டம் விற்கப்பட்டுக் குடும்பங்கள் சிதறியபின் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தொலைவிலிருந்து வண்டியேறி வருகின்றனர். பயிற்சி பிற்பகலில் நடக்கிறது. பள்ளி வண்டி ஒரு மணிக்கே புறப்பட்டுவிடுகிறது.