ஐஸ் விரித்த பாய்

1928 முதல் 1935 வரை ‘புல்புல்’ என்ற இழுவைக் கப்பல் கொழும்பிலிருந்து வந்து, குமரி முனைக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்க்கில் வலை இழுத்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ‘லில்லா’ என்ற இன்னொரு கப்பல் அந்த இடத்தை ஆராய்ந்து, மீன் கொழுத்துக் கிடக்கிறது என்று சொல்லியிருந்தது. சுமார் 4,000 சதுர மைல் மேட்டு நிலம் அது, கடலுக்கு அடியில். அங்கேயே படுத்து, அங்கேயே எழுந்து, பிடித்த மீனை ஐஸில் அடுக்கிக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கடலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களான எங்கள் ஆட்களோ கட்டுமரத்தில் போய், காற்று திரும்பியதும் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர்த் திருவிழா மேடைகளில், ஆதி நாளிலிருந்தே நாம் மாதக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்தவர்கள் என்று யாராவது மைக்கில் முழங்காமல் இருப்பதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. இளவயதில் கொச்சியிலிருந்து கிளம்பும் தூண்டில் போட்டுகளில் நானும் கிடந்தவன் என்பதால் கைதட்டவும் தோன்றும். ஆனால் வரலாறு வேறு மாதிரி. மீன் எத்தனை நாள் கெடாமல் இருக்குமோ, அத்தனை நாள்தான் மனிதன் கடலில் கிடக்க முடியும். துணிச்சல் எங்களிடம் எப்போதும் இருந்தது. ஐஸ் இல்லை.

கட்டுமரத்தில் தூங்குவதைப் பற்றிப் பேசவே கூடாது. நான்கைந்து மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவை அது. தண்ணீர் உள்ளே வராது என்று சொல்வதற்கு ‘உள்ளே’ என்று ஒன்று இருந்தால்தானே? மரங்களின் இடுக்கு வழியாக அலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். தண்ணீர் குடித்த மரம் மறுநாள் கனக்கும். என் பாட்டா ராத்திரித் தூண்டிலுக்குப் போனவர். கல்லை இறக்கி மரத்தை நிறுத்திவிட்டு, குந்தியிருந்தபடி கண்ணயர்வாராம். தூண்டில் கயிற்றைக் கால் பெருவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி வைத்திருப்பாராம். “அதுக்குப் பேரு உறக்கமா பாட்டா?” என்று கேட்டால், “மக்கா, முழிச்சிருந்தாத்தான் குளிரும்” என்பார். ஓலைப்பெட்டியில் வெற்றிலை, கலயத்தில் கஞ்சி. விடிந்ததும் அவர் அவசரப்பட்டது களைப்பால் அல்ல, வெயில் ஏறுவதற்குள் மீன் கரைக்குப் போயாக வேண்டும் என்பதால்.

ஐஸ் இல்லாவிட்டால் உப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடலிலேயே மீனைக் கீறி உப்புப் போட்டு அடுக்கினால் ஒரு வாரம் கிடக்கலாமே? இங்கேதான் அரசாங்கம் வருகிறது. பிரிட்டிஷ் காலத்தில் உப்புக்கு வரி. மீனவருக்குச் சலுகையாக, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணக் கரையெங்கும் மீன் உப்பிடும் யார்டுகள் திறக்கப்பட்டன. அங்கே வரியில்லாத உப்பு கிடைக்கும், ஆனால் வேலிக்குள்ளேயே மீனை உப்பிட்டு முடிக்க வேண்டும். உப்பு வெளியே போகக் கூடாது, காவல் உண்டு. தூத்துக்குடிப் பக்கத்து மீனவர் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே கடலுக்குப் போனவர், ஆனால் மலிவு உப்பைப் படகில் ஏற்ற வழியில்லை. எங்கள் கரை அப்போது திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. அங்கும் உப்பு அரசின் ஏகபோகம்தான். 1907-இல் சென்னை மாகாணத்தில் மீன்துறைக்கென ஓர் அலுவலகம் உருவாகக் காரணமாக இருந்த பிரெடரிக் நிக்கல்சன் ஜப்பானின் மீன் தொழிலைப் பற்றி எழுதியவர். பின்னால் இயக்குநரான ஜேம்ஸ் ஹார்னெல் நம் படகுகளைப் பலகை பலகையாக ஆராய்ந்தவர். 1927 வாக்கில் ‘லேடி கோஷன்’ என்ற இழுவைக் கப்பலை விட்டு மாகாண அரசே கடலைச் சோதித்தும் பார்த்தது. கப்பல் போனது, அறிக்கை வந்தது. கட்டுமரக்காரர் வாழ்க்கையில் ஒரு ராத்திரிகூட நீளவில்லை.

ஐஸ் வரும்வரை வீட்டுக்கு வெளியே தங்குவது என்றால் இன்னொரு கரையில் தங்குவதுதான். பருவத்துக்குப் பருவம் குடும்பத்தை விட்டுவிட்டு வேற்றூர் மணலில் ஓலைக் குடில் போட்டுக் கிடந்தார்கள். மன்னார் வளைகுடாவில் வரிசையாக 21 தீவுகள். முன்பெல்லாம் காற்று மாறினால் அங்கே ஒதுங்கலாம், சோறு பொங்கலாம், படுக்கலாம். 1986-இல் அவை கடல்சார் தேசியப் பூங்காவானபின் அது நின்றது. கச்சத்தீவையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். அதை இலங்கைக்கு விட்ட 1974 உடன்பாட்டின் 5-ஆம் பிரிவு, இந்திய மீனவரும் பக்தர்களும் முன்போலவே அங்கே போய்வரலாம் என்கிறது. வலை காயப் போடவும் இளைப்பாறவும்தான் அது என்று அப்போது விளக்கினார்கள். பருத்தி வலையை வெயிலில் உலர்த்தாவிட்டால் அழுகிப்போகும், ஆகவே வலைக்காகவே ஒரு தீவு வேண்டியிருந்தது. ஆனால் நைலான் வலை வந்து பரவிக்கொண்டிருந்த காலம் அது. காய வேண்டியது வலை இல்லை என்று ஆனபின், அந்த வரியில் மிஞ்சியது மனிதனின் களைப்பு மட்டும்தான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐஸ் நம் கரைக்கு வராமலே இருந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1842-இலேயே சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டிவிட்டார்கள். அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் பாதி உலகம் சுற்றிக் கொண்டுவந்து அங்கே அடுக்கினார்கள். 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அது அவர் பெயரில் நிற்கிறது. அதைச் சுற்றி மீனவக் குப்பங்கள். கட்டுமரம் மணலேறும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பனிமலை. ஆனால் அந்த ஐஸ் துரைமார் கோப்பைக்கு. மீனுக்கு ஐஸ் வைக்கும் அளவுக்கு மீன் விலைபோகாத காலம்.

மீனுக்கு அந்த விலையை வாங்கித் தந்தது இறால். 1952-இல் நார்வேயுடன் இந்தியா ஒப்பந்தம் போட்டு, கொல்லத்துக்குப் பக்கத்து நீண்டகரையில் இயந்திரப் படகுத் திட்டம் தொடங்கியது. உள்ளூர்க்காரர் சாப்பிட மீன் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பது எண்ணம். அதற்கு மறு ஆண்டே கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அதன்பின் எண்ணம் ஒரு பக்கம், பணம் மறு பக்கம். கரையோரம் ஐஸ் கம்பெனிகள் முளைத்தன. நார்வேக்காரர்கள் கொண்டுவந்தது என்ஜின் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். என்ஜின் படகைத் தூரம் கொண்டுபோகும், சரி. அங்கே இருக்கவைத்தது ஐஸ்தான். நீரோடி முதல் தூத்தூர் வரையிலான எங்கள் பகுதி ஆட்கள் முன்பே சுறாவுக்குத் தூண்டில் போடுவதில் பேர் வாங்கியவர்கள். ஒதுங்கத் துறைமுகம் இல்லாத ஊர் என்பதால் கொச்சிக்குப் போய், அங்கே போட்டுக் கட்டி, 1980-களிலிருந்து மேலும் மேலும் தூரம் போனார்கள். லட்சத்தீவு, மாலத்தீவு, ஓமான் பக்கம். சிலர் டீகோ கார்சியா வரை போய்ப் பிரிட்டிஷ்காரரிடம் பிடிபட்டும் வந்தார்கள். ஒரு பயணம் ஒரு மாதத்தைத் தாண்டுவது சாதாரணமாயிற்று.

இனி படுக்கை. போட்டு வாங்குகிறவர் என்ஜினின் குதிரைச் சக்தி கேட்பார், ஐஸ் அறை எத்தனை டன் பிடிக்கும் என்று கேட்பார், டீசல் டேங்க் அளவு கேட்பார். பத்துப் பன்னிரண்டு பேர் எங்கே படுப்பார்கள் என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. நான் இருந்த போட்டுகளில் வீல்ஹவுசுக்குப் பின்னால் ரயில் பெர்த் போல மேலும் கீழுமாகப் பலகைகள். கீழே என்ஜின். பலகை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும், டீசல் வாசனை தலையணையில் ஊறியிருக்கும். மூத்தவர்களுக்குப் பலகை, புதுப்பையன்களுக்குக் கயிற்றுச் சுருள் மேல் தார்ப்பாய். மழையில்லாத நாளில் புதுப்பையனுக்குத்தான் யோகம் என்பது அவனுக்குத் தெரியாது. ஓடும் போட்டில் தூங்குவது எளிது. தூண்டில் கயிற்றை விட்டுவிட்டு என்ஜினை நிறுத்துவோமே, அப்போதுதான் கஷ்டம். ஓட்டம் நின்றால் போட்டு அலைக்குக் குறுக்கே திரும்பி இப்படியும் அப்படியும் சாயும். ஒரு காலை மடக்கிப் பலகை விளிம்பில் முட்டுக் கொடுத்துப் படுக்கப் பழக வேண்டும். கரைக்கு வந்த பிறகும் வீட்டுத் தரையில் அப்படியே முட்டுக் கொடுத்துப் படுப்பேன், அம்மா சிரிப்பாள். நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். உடம்பு உப்பில் ஊறி அரிக்கும். ராத்திரி ஒருவன் கட்டாயம் விழித்திருக்க வேண்டும். பெருங்கப்பல்காரன் கண்ணுக்கு நம் விளக்கு ஒரு பொருட்டே இல்லை.

இன்னொன்றும் கெட்டது: ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கரையில் ஞாயிறு கடலுக்குப் போகிறவனை ஊர் கேள்வி கேட்கும். வாரத்தில் ஒரு ராத்திரி நிச்சயமாக வீட்டில். ஒரு மாதம் கிடக்கும் போட்டில் ஞாயிறு எங்கே? நாங்கள் ஜெபமாலை சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தோம். பங்குச் சாமியார் கேட்டால், “ஐஸ் கரையுதே சாமி” என்பதுதான் எங்கள் ஸ்ராங்கின், அதாவது போட்டை நடத்துகிறவரின், பதில். அதற்கு மறுமொழி சொல்ல அவருக்கும் வழியில்லை.

கிழக்குக் கரையில் கதை நேர்மாறு. 1970-களின் இறுதியில் சென்னையில் விசைப்படகுகளும் கட்டுமரங்களும் மோதிக்கொண்டு ரத்தம் சிந்திய பிறகு, 1983-இல் தமிழ்நாடு கடல்சார் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. விசைப்படகு காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்று விதி செய்தார்கள். கடலை இடத்தால் பங்கிட்டது போதாமல் நேரத்தாலும் பங்கிட்டார்கள். பகல் விசைப்படகுக்கு, இரவு நாட்டுப்படகுக்கு. தங்குகடல், அதாவது கடலிலேயே தங்கிப் பிடிக்க அனுமதி, வேண்டும் என்று தூத்துக்குடி விசைப்படகுக்காரர்கள் கேட்பதும், கூடாது என்று நாட்டுப்படகுக்காரர்கள் எழுவதும் அதிலிருந்து வரும் வழக்கு. என் மனம் இதில் நாட்டுப்படகின் பக்கம். இருட்டில் வலை அறுந்தால் அறுத்தவன் யார் என்று யாரிடம் போய்க் கேட்பது?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக அறிவிக்கப்பட்டபோது, எங்கள் ஊர்ப் போட்டுகள் பல வாரங்களுக்கு முன்பே போயிருந்தன. வயர்லெஸ் கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. அன்றன்று திரும்புகிறவனுக்கு அறிவிப்பு கரையில் காத்திருக்கும். தங்குகிறவனுக்கு அது போய்ச் சேர வேண்டும், சேரவில்லை. ஐஸும் டீசலும் பல மடங்கு ஏறிய போட்டில் செய்தி ஏற மட்டும் வழி செய்யாமல் இருந்தோம். செயற்கைக்கோள் கருவிகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

அதே ஆண்டுதான் பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் சூரைப் படகுத் திட்டம் தொடங்கியது. படகு ஒன்றுக்கு அப்போது 80 லட்சம் ரூபாய் மதிப்பு, பாதி மத்திய அரசு, 20 விழுக்காடு மாநில அரசு, மீதி கடனும் சொந்தப் பணமும். மூன்று ஆண்டில் 2,000 படகு என்றார்கள். அதற்குக் கிட்டேகூடப் போகவில்லை. கடன் ஒரு காரணம். ஒரு நாள் இழுத்துவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் இன்னொரு காரணம், இதை எந்தத் திட்ட அறிக்கையும் ரூபாயில் போடாது. அந்தப் பழக்கத்தை மாற்றுவது எங்கள் ஆட்களுக்கே ஒரு தலைமுறை வேலை.

ராமேஸ்வரத்திலிருந்து அந்தப் படகு வாங்கலாமா என்று யோசித்த ஒருவர் என்னிடம் வந்தார். மானியம், வட்டி, சூரை விலை எல்லாம் பேசி முடித்துவிட்டுத் தயங்கி, “அண்ணே, அத்தனை நாள் எங்கண்ணே படுக்கிறது?” என்றார். என்ஜினுக்கு நேர் மேலே பலகை அடிக்க விடாதீர்கள், தலைமாடு முன்பக்கம் இருக்கட்டும், காற்றுக்கு ஒரு துவாரம் கட்டாயம், ஐஸ் அறைச் சுவரை ஒட்டிப் படுத்தால் முதுகு பிடிக்கும் என்று சொன்னேன். அவர் அதையெல்லாம் மானியக் கணக்கு எழுதிய காகிதத்தின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார்.