காவல் பதிவேட்டுக்கு முன்பே ஒரு திடல்: நேர்நிலை இளைஞர் மேம்பாடு ஏன் நம் உரிமைக் கோரிக்கை?

சென்னை மாநகராட்சியின் 9ஆவது மண்டலம் தேனாம்பேட்டை. அண்ணா சாலையின் உயர்ந்த கட்டடங்களுக்குப் பின்னால், நகரைத் துப்புரவு செய்வோரும் கட்டடம் எழுப்புவோரும் வாழும் குடியிருப்புகள் நெருக்கமாக அமைந்துள்ளன. அங்கே வளரும் பதினாறு வயது இளைஞன் அரசை முதன்முதலில் எந்த வடிவில் சந்திக்கிறான்? நூலகராகவா, பயிற்சியாளராகவா, இரவு ரோந்தில் பெயரும் முகவரியும் கேட்கும் காவலராகவா? போதையையும் வன்முறையையும் தடுப்பது குறித்த விவாதம் இக்கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.

கருத்தாக்கமும் சான்றும்

இளைஞரைத் திருத்தப்பட வேண்டிய சிக்கலாகக் காணாமல், வளர்க்கப்பட வேண்டிய ஆற்றலாகக் காணும் அணுகுமுறையே நேர்நிலை இளைஞர் மேம்பாடு. 1990களில் அமெரிக்காவில் உருப்பெற்ற இதனை ரிச்சர்ட் லெர்னர் முதலான உளவியலாளர்கள் ஐந்து கூறுகளாக விளக்கினர்: திறன், தன்னம்பிக்கை, உறவுப் பிணைப்பு, நற்பண்பு, பிறர்மீது அக்கறை. இவை அறிவுரையாலோ அச்சுறுத்தும் சுவரொட்டியாலோ வருவதில்லை. நம்பத்தக்க பெரியவர், பொறுப்பேற்கும் வாய்ப்பு, மாலையில் சென்று சேர ஓர் இடம் ஆகியவை தொடர்ந்து கிடைத்தால்தான் வளர்கின்றன.

ஐஸ்லாந்தின் அனுபவம் கவனிக்கத்தக்கது. 1998இல் அந்நாட்டின் 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்திற்குள் குடித்துப் போதையுற்றிருந்தனர். 2016இல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. கஞ்சாவைப் பயன்படுத்தியோர் 17 விழுக்காட்டிலிருந்து 7 ஆகக் குறைந்தனர். விளையாட்டு, இசை, கலை மன்றங்களுக்குப் பொதுப்பணம் ஒதுக்கப்பட்டது, பெற்றோர் ஒருங்கிணைக்கப்பட்டனர், மது, புகையிலை விளம்பரங்கள் தடுக்கப்பட்டன.

இங்கோ, மதுவின் சில்லறை விற்பனையை 2003 முதல் டாஸ்மாக் வழியே அரசே நடத்துகிறது. 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, ஒயிட்னர், பசை போன்ற முகரும் போதைப்பொருள்களை மட்டுமே பெரியவர்களைவிடச் சிறார் மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர்: பெரியவர்களில் 0.58 விழுக்காடு, சிறாரில் 1.17 விழுக்காடு.

எதனுடன் பிணைப்பு?

இக்கருத்தாக்கத்தை அப்படியே ஏற்க இயலாது. 'பிணைப்பு' என்றதும் எதனுடன் பிணைப்பு என்று நாம் கேட்டாக வேண்டும். போதை விற்கும் கும்பலும் இளைஞனுக்குப் பிணைப்பைத் தருகிறது. சாதிச் சங்கமும் தருகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்களும் மாணவர்களே. அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, சமூக நீதி மாணவர் படை ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. சாதிப் பெருமிதத்தைக் கைவிடச் சொன்னால் மட்டும் போதாது, அதனினும் மேலான ஒரு பிணைப்பைத் தர வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

நமக்கும் மரபுண்டு

இது நமக்குப் புதிய சிந்தனையன்று. 1894இல் ஊரூரில் ஆல்காட் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளியின் தொடர்ச்சியாகத் தேனாம்பேட்டையிலும் தாமோதர் இலவசப் பள்ளி உருவானது. அம்முயற்சியோடு இணைந்திருந்த அயோத்திதாசப் பண்டிதர், 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். கல்வியும் இதழும் கூட்டமும் சேர்ந்து சுயமரியாதை கொண்ட ஒரு தலைமுறையை உருவாக்கின.

வடசென்னை வியாசர்பாடியில் 1990களின் பிற்பகுதியிலிருந்து உள்ளூர் இளைஞர்கள் கால்பந்தின் வழியே சிறாரைப் பள்ளியோடும் வாழ்வோடும் பிணைத்து வருகின்றனர். நகரின் நடுப்பகுதியிலிருந்து அகற்றப்பட்டோர் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகரிலிருந்து எழுந்தவர் கபடி வீராங்கனை கார்த்திகா. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் அவர் இடம்பெற்றார். முகவரியைச் சொன்னாலே ஐயத்துடன் பார்க்கப்படும் குடியிருப்பு அது.

ஆனால் ஒரு வீராங்கனையைப் பாராட்டும் அரசு, குடியிருப்புகளைப் பெயர்க்கும்போது எதைப் பெயர்க்கிறது என்பதை எண்ணுவதில்லை. 2022இல் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பொதுத்தேர்வுக் காலத்தில் வீடுகள் இடிக்கப்பட்டன. எதிர்ப்புத் தெரிவித்துத் தீக்குளித்த முதியவர் உயிரிழந்தார். வீட்டோடு பள்ளியும், தெரிந்த ஆசிரியரும், பழகிய திடலும், கண்டிக்கும் உரிமையுள்ள அண்டை வீட்டாரும் பறிபோகின்றனர். போதையிலிருந்து சிறாரைக் காக்கும் வேலிகள் இவையே.

சட்டம் தரும் பிடிமானங்கள்

இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 77ஆம் பிரிவு, சிறாருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் விதிக்கிறது. போதைப்பொருள் கடத்தவோ விற்கவோ சிறாரைப் பயன்படுத்துவோருக்கும் 78ஆம் பிரிவின்கீழ் அதே தண்டனை. ஆகவே பொட்டலத்தோடு பிடிபடும் சிறுவனை விசாரிக்கையில், அதை அவன் கையில் கொடுத்தவர் யார் என்று வழக்கறிஞர் முதலில் கேட்க வேண்டும். அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சிறாரின் கண்ணியத்தையும் புதிய தொடக்கத்திற்கான உரிமையையும் கோட்பாடுகளாக அறிவிக்கிறது. எனினும் 2022 டிசம்பரில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்குப் பதிவானது, ஊழியர்கள் கைதாயினர்.

போதைப்பொருள் சட்டம் 1985இன் 64A பிரிவு, பழக்கத்திற்கு அடிமையானவர் தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால், பயன்பாடு, சிறு அளவு தொடர்பான குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. நம் தெருக்களில் இதனை அறிந்தோர் மிகச் சிலரே.

செய்ய வேண்டியவை

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் மூன்று பணிகளை உடனே தொடங்கலாம்.

1. தம் வார்டில் திடல், நூலகம், மாலைநேரப் பயிற்சி மையம் எத்தனை உள்ளன, மாலையில் எவை திறந்திருக்கின்றன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறுதல்.
2. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டத்திற்கு 2024இல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அந்நிதியில் இளைஞர் வசதிகளுக்குப் பங்கு கோரி, மாநகராட்சியின் பகுதி சபையில் மனு அளித்தல்.
3. ஒவ்வொரு குடியிருப்பிலும் 64A, 77, 78 பிரிவுகளைத் தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் விளக்கும் சட்டக் கூட்டங்களை நடத்துதல்.

முதல் மனுவை எழுதக் கல்லூரி மாணவர் ஒருவரும் அந்தத் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவரும் சேர்ந்து அமர்ந்தால் போதும். அந்த இளைஞனின் பெயர் ஓர் அரசு ஆவணத்தில் முதன்முதலாக மனுதாரராக இடம்பெறட்டும்.